பக்கம் 120 ரூபாய்: திருகோணமலையில் ஒரு டைப்செற்றிங் கடை

கடையின் பெயரை நான் மறைக்கவில்லை. பெயர்ப்பலகையிலேயே அது இல்லை. கடற்காற்று முதலில் பெயரைத்தான் தின்றிருக்கிறது. மிச்சம் கிடப்பது "போட்டோகொப்பி, டைப்செற்றிங், லமினேற்றிங்" மட்டும். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். ஒரு பக்கம் பேக்கரி, மறுபக்கம் போன் திருத்துகிற கடை. உள்ளே இரண்டு கணினி, ஒரு பெரிய போட்டோகொப்பி மெசின், ஒரே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. இரண்டாவது ஆள் வந்தால் முதலாவது ஆள் எழும்ப வேண்டும். எனக்கு 61 வயது என்பதால் யாரும் எழும்பச் சொல்வதில்லை.

அங்கே வழக்கமாக வருகிற வேலை என்ன என்று நின்று பார்த்திருக்கிறேன். பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் வாத்தியாரின் மாதிரி வினாத்தாள், செத்தவீட்டு 31ஆம் நாள் அழைப்பு. நான் கொண்டுபோனது ஒரு சிறுகதை. புல்ஸ்காப் தாளில் பதினொரு பக்கம், கையெழுத்து. முதலாளி வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ் இது, வழக்குக் கதையா?" என்று கேட்டார். காணி வழக்கு என்று நினைத்துவிட்டார். இல்லை, கதை என்றேன். "திருகோணமலையில ஆர் மிஸ் இப்ப கதை எழுதுறாங்க?" என்றார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவதை 1895 இல் வெளியிட்டவரே இந்த ஊர்க்காரர்தான் என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்தக் கடையை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்று விளங்காது. இலிகிதராக, அதாவது கிளாக்காகச் சேர்ந்து முகாமைத்துவ உதவியாளராக ஓய்வு பெற்றவள் நான். வேலை மாறவில்லை, பதவியின் பெயர்தான் நீண்டது. 90களில் என்னுடைய ஒன்பது கதைகள் ஞாயிறு பத்திரிகைகளில் வந்தன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டு, பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் கடைக்கு முன்னால் நின்று புரட்டுவேன். வந்திருந்தால் இரண்டு பிரதி வாங்குவேன். வராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கடைக்காரர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பத்தாவது கதையை 2006 இல் தொடங்கினேன். அந்த ஆகஸ்ட்டில் மூதூர்ச் சனம் சண்டைக்குத் தப்பிக் கந்தளாய்ப் பக்கம் நடந்து போன நாட்களில் நாலாம் பக்கத்தில் பேனையை வைத்தேன். அந்தக் கிழமைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

பதினெட்டு வருசம். எழுதவேயில்லை என்று சொல்ல முடியாது. "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்" என்று எத்தனை ஆயிரம் கடிதம் எழுதியிருப்பேன். கேட்பவர்களுக்கு நேரமில்லை என்பேன். ஓய்வு பெற்ற பிறகு நேரத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை, அப்போதும் வரவில்லை. காலையில் கொப்பியைத் திறந்து திகதி போடுவேன். உடனே குசினியில் ஏதோ தீய்கிற மாதிரி மணக்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் அடுப்பே மூட்டியிருக்காது.

போன வருசம் ஒரு சான்றிதழ் தேடி றங்குப்பெட்டியைக் கிளறியபோது அந்த நாலு பக்கமும் அகப்பட்டன. குண்டூசி துருப்பிடித்து நாலு தாளிலும் ஒரே இடத்தில் செம்மண் பொட்டு. கிண்ணியாத் துறையடியில் அந்தி நேரம் ஒரு பெண் நிற்கிறாள், யாரையோ பார்த்துக்கொண்டு. யாரை என்று எனக்கே ஞாபகம் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் மிச்ச ஏழு பக்கமும் எழுதினேன். நல்லதாக வந்தது என்று சொல்லமாட்டேன். வந்தது.

கனடாவில் இருக்கிற மகன், "அம்மா, கடைக்கு ஏன் போறீங்கள், போனைப் பார்த்துக் கதையுங்கோ, அதுவே எழுதும்" என்றான். கதைத்துப் பார்த்தேன். "வள்ளம்" என்றால் "வெள்ளம்" என்று போட்டது. "வந்திட்டுது" என்பதை மூன்று தரம் சொன்னேன், மூன்று விதமாக எழுதியது. அதைவிடப் பெரிய கரைச்சல், கதைக்குள் வருகிற ஏச்சுப்பேச்சை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டி, "ஆரோட அக்கா சண்டை?" என்று கேட்டது. போனை வைத்துவிட்டுக் கடையைத் தேடிப் போனேன்.

இனிக் கடை. அடிக்கிறது முதலாளி இல்லை. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பிள்ளை. இருபத்திரண்டு வயதிருக்கும். அவளது விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்துபோய் வெறும் கறுப்புக் கட்டைகளாக இருக்கின்றன. அவள் அதைப் பார்ப்பதே இல்லை, கண் தாளில்தான். பாமினி எழுத்துருவில் அடிக்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாமினியில் "தமிழ்" என்று வர ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. "அம்மா" வேண்டுமென்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கந்தோரில் நான் எழுதிக் கொடுப்பேன், அடிக்க வேறு ஆள் இருந்தது. ஆகவே எனக்கு இது மந்திரம் மாதிரி. என்னுடைய கையெழுத்தைப் பற்றி அவள் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. டொக்டர்மாரின் துண்டுகளே வாசிக்கிறவளாம்.

பக்கம் 120 ரூபாய். அச்செடுத்துத் தருகிற முதல் இரண்டு ஒப்புநோக்கல் படிக்குக் காசில்லை, மூன்றாவதிலிருந்து பக்கத்துக்கு 20. 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. விலையில் நான் குறை சொல்லப் போவதில்லை.

மூன்றாம் நாள் போனேன். அடித்து வைத்திருந்தாள். ஒற்றைக் கதிரையில் இருந்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: "மைம்மலில் பாதை வந்தது. அவள் ஏறவில்லை." அடித்திருந்தது: "மைம்மலில் பாதையில் வந்தாள். அவள் ஏறவில்லை." (மைம்மல் என்றால் அந்திக் கருக்கல்.)

"இதை ஏன் மகள் மாத்தினீங்க?"

"அது எழுத்துப்பிழைதானே மிஸ்? பாதை எப்பிடி மிஸ் வரும்? நாமதானே பாதையால போவம்."

கிழக்கில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. வாகனத்தையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆற்றையும் களப்பையும் கடக்கிற தட்டைத் தெப்பத்துக்கும் அதுதான் பெயர். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு நாங்கள் பாதையில்தான் போனோம். "பாதை அங்கால நிக்குது", "பாதை இப்பதான் போகுது, இனி இருந்து பாருங்க" என்றுதான் அந்தத் துறையடியின் பேச்சே. 2009 இல் பாலம் திறந்தார்கள், கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம். இப்போது பஸ்ஸில் போகிறவர்கள் தண்ணீரை எட்டிப் பார்ப்பதற்குள் அக்கரை வந்துவிடும். மூதூர் போகிற வழியில் கிடந்த மற்றப் பாதைகளும் பிறகு பாலங்களாகிவிட்டன. நல்ல விசயம்தான், பிரசவத்துக்குத் துடிக்கிற மனுசியைத் துறையடியில் காக்க வைக்கிற ஊரில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் 2006 இல் நான் அந்த வரியை எழுதியபோது விளக்கம் வேண்டாத சொல் அது. எனது கதை பெட்டிக்குள் கிடந்தபோது சொல் வெளியே தேய்ந்துபோயிருக்கிறது. அதுவும் ஒரு கிண்ணியாப் பிள்ளைக்கே தெரியாத அளவுக்கு. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆரில் என்றுதான் தெரியவில்லை. "பாதையெண்டா என்னெண்டு வீட்டில போய் உம்மாவிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்டிருக்கிறாள். அடுத்த முறை நான் படியேற முன்பே தொடங்கிவிட்டாள். "உம்மா சிரிச்சாங்க மிஸ். நான் வயித்தில இரிக்கக்குள்ள பாதையிலதான் ஆஸ்பத்திரிக்கி வந்தாங்களாம். நடுத் தண்ணியில பாதை நிண்டிட்டாம். பாதையில இருந்த ஆக்களெல்லாம் ஓதினாங்களாம்." எனது கதைப் பெண் ஏன் பாதையில் ஏறாமல் நிற்கிறாள் என்பதற்குப் பதினெட்டு வருசமாக இல்லாத விடை அப்போது வந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "உம்மாட பேரைப் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

ஆனாலும் இதை ஒரு குறையாகத்தான் பதிகிறேன். அடிக்கிறவர் கையெழுத்துப் படியில் சந்தேகம் வந்தால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைக்க வேண்டும், தானாகத் திருத்தக்கூடாது. அவளிடமும் சொன்னேன். இப்போது வட்டம் போடுகிறாள். கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறாள்.

இரண்டாவது படியில் வந்த வட்டங்கள்தான் என்னைக் கொன்றது. ஏழாம் பக்கத்தில் "அவள் கடலைப் பார்வையிட்டாள்" என்ற இடத்தில் ஒரு வட்டம். "மிஸ், மந்திரி வந்த மாதிரி இரிக்கி." எட்டில் "கணவன் திரும்பாமை தொடர்பில் அவள் கவலை கொண்டிருந்தாள்." அதற்கும் வட்டம். "மழை பெய்தமையினால்", "மேற்குறித்த தோணி", வட்டம், வட்டம். மேற்குறித்த தோணி! நான்தான் எழுதியிருக்கிறேன், எனது கையெழுத்தேதான். எழுதும்போது காதில் ஒன்றும் இடறவில்லை. "மேற்கொண்டாள்" மட்டும் நாலு இடத்தில். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னாள்: "நாலாம் பக்கம் வரைக்கும் வேற ஆள் எழுதின மாதிரி இரிக்கி மிஸ். அவங்க நல்லா எழுதுறாங்க."

தாள்களைக் கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். காசும் கொடுக்கவில்லை, பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேரே டச்பே கடற்கரைக்கு நடந்தேன். கோட்டை வாசலடியில் கச்சான் வாங்கினேன். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: கச்சான் என்றால் நிலக்கடலை. எங்களுக்கு அதே பெயரில் ஒரு காற்றும் இருக்கிறது, அன்றைக்கு அதுவும் அடித்தது.) மணலில் இருந்து, பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று மனதுக்குள் ஒரு நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் "யாதெனில்" என்றுதான் தொடங்கியது. திருகோணமலை மான்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் மட்டும் நிற்கிற மான்கள் இல்லை அவை. கடற்கரைக்கு வரும், தெருவைக் கடக்கும், சனத்துக்குப் பயமே கிடையாது, பொலித்தீனையும் கடதாசியையும் சாப்பிடும். நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு புள்ளிமான் பைக்குள் தலையை விட்டிருந்தது. பையை இழுத்தேன், அதுவும் இழுத்தது. ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கத்தின் பாதியும் போய்விட்டன. மந்திரி கடலைப் பார்வையிட்ட பக்கம்.

கையெழுத்துப் படி கடையில் இருந்தது, போய் எடுத்திருக்கலாம். போக வெட்கமாக இருந்தது. அன்றிரவு அந்த ஒன்றரைப் பக்கத்தையும் ஞாபகத்திலிருந்து எழுதினேன். ஒவ்வொரு வசனத்தையும் அந்தப் பிள்ளையின் குரலில் வாசித்துப் பார்த்தேன். அவள் வட்டம் போடுவாளா மாட்டாளா என்பதுதான் கேள்வி. ஒன்றரைப் பக்கம் முக்கால் பக்கமாகிவிட்டது. "அவள் கடலைப் பார்த்தாள்" என்று எழுத எனக்கு இரவு பதினொரு மணி வரை தேவைப்பட்டது.

இனிக் கடையின் உண்மையான பிழைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பென் டிரைவ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதில் கிடந்த பேரனின் படங்கள் எல்லாம் ஏதோ குறுக்குவழிக் குறிகளாக மாறிவிட்டன. வைரஸ். படங்களை மீட்டுக் கொடுத்தார் பக்கத்துப் போன் கடைக்காரர், 500 ரூபாய். டைப்செற்றிங் முதலாளி "எங்கட மெசின்ல இல்ல மிஸ்" என்று மூன்று முறை சொன்னார்.

இரண்டாவது, பாமினி. கதையை ஒரு சஞ்சிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன், கடையிலிருந்தே அனுப்பினார்கள். ஒரு கிழமை கழித்து ஆசிரியரிடமிருந்து பதில், கூடவே ஒரு படம். எனது கதை முழுவதும் ஆங்கில எழுத்துகளாக, அரைப்புள்ளியும் சதுர அடைப்புமாகக் கொட்டிக் கிடந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் ஆசனங்களில் தமிழ் வடிவங்களை இருத்தி வைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால் தமிழ் எழும்பிப் போய்விடும், ஆசனம்தான் மிஞ்சும். ஒருங்குறி (யூனிகோட்) அப்படியில்லை, தமிழுக்கென்றே அதில் சொந்த இலக்கங்கள் உண்டு, எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும். நோட்டீஸ் அச்சடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படாது. கதை அனுப்புகிறவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மாற்றித் தர 200 ரூபாய் கேட்டார்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள்தானே என்று சண்டை பிடித்தேன், 100 ஆக்கினார்கள். மாற்றிய படியில் இன்னொரு கூத்து. பாமினியில் அடிக்கிற பலர் "ர்" என்பதற்கு "ா" என்கிற காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பார்கள், "ரி" என்பதற்கும் அதே கால்தான். தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றும்போது மாற்றி மென்பொருள் அதைப் பிடித்துத் திருத்த வேண்டும், இவர்களுடையது பாதியைத்தான் பிடித்தது. "அவர்" என்ற இடமெல்லாம் அந்தரத்தில் தொங்குகிற ஒரு காலும் புள்ளியும். எட்டுப் பக்கத்தில் அறுபது எழுபது இடம். பிள்ளை நாலரை மணிக் கிண்ணியா பஸ்ஸை விட்டுவிட்டு இருந்து எல்லாவற்றையும் கையால் திருத்தினாள். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன், அதை வாங்கினாள்.

ஆகவே போகிறவர்கள் வாசலிலேயே "ஒருங்குறியில் அடியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு அதுவும் தெரியும். கேட்காததால் செய்யவில்லை.

கவிதைத் தொகுப்பு, பாடத்திட்டம், ஆய்வுக் கட்டுரை என்று போகிறவர்களுக்கு இந்தக் கடை சரிவருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அட்டவணை போடுவதில் அவ்வளவு கெட்டித்தனம் இல்லை என்று வினாத்தாள் வாத்தியார் புறுபுறுத்ததைக் கேட்டிருக்கிறேன். மின்வெட்டு வந்தால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு அடித்தது போய்விடும், மின்கலப் பெட்டி பழுதாகி மேசைக்குக் கீழே கால் வைக்கப் பயன்படுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பு. நட்சத்திரம் போடச் சொன்னால் நாலு. ஐந்தாவது அந்தப் பென் டிரைவுக்குள் போய்விட்டது.

சஞ்சிகைக்காரர் "கிடைத்தது, பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். பார்க்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை வேறு வேலையாகப் பட்டணத்துக்குப் போனவள் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். "அடுத்தது எப்ப மிஸ்?" என்றாள். வாய் தவறி, வாற திங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் பிடித்தது. என்னை எனக்குத் தெரியும். முதலாளியைக் கூப்பிட்டு முற்பணம் எடுங்கள் என்றேன். அடிக்கிற வேலைக்கு முற்பணம் வாங்குவதில்லை என்றார். வற்புறுத்தி எட்டுப் பக்கத்துக்கு 960 ரூபாயைக் கையில் வைத்தேன். விசர் பிடித்த மனுசி என்று நினைத்திருப்பார், ஆனாலும் கந்தோரில் இருந்தவளுக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் நகர முடியாது என்பது அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. எழுதித் தந்தார்: "கதை, பக்கம் 8. காசு வந்தது. கதை வரவேண்டும்."

இன்று சனிக்கிழமை. ஐந்து பக்கம் இருக்கிறது.